தோள்மூட்டு இறங்கினால் முதலில் எந்த வாசலுக்குப் போவது?

சில ஆண்டுகளுக்கு முன் பொங்கலையொட்டி எங்கள் ஊரில் நடந்த கபடிப் போட்டியில் என் சித்தப்பா மகனுக்கு வலது தோள்மூட்டு இறங்கிவிட்டது. பிடியிலிருந்து திமிறிக் கோட்டைத் தொடக் கையை நீட்டிய நொடியில் இரண்டு பேர் அவன் மேல் விழுந்தார்கள். எழுந்தபோது இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு, யாரும் அருகில் வராதபடி பின்வாங்கிக்கொண்டே இருந்தான். பனியனுக்கு மேலே பார்த்தாலே தெரிந்தது: இடது தோள் உருண்டையாக இருக்க, வலது தோளின் ஓரம் மட்டம் வைத்துச் சீவியதுபோல் சரிந்து கிடந்தது. அடுத்த மூன்றரை மணி நேரத்தில் மூன்று வாசல்களில் ஏறி இறங்கினோம். முதல் இடத்தில் எக்ஸ்ரே கருவியே இல்லை. இரண்டாம் இடத்தில் கருவி இருந்தது. அதை இயக்குபவர் மாலையிலேயே வீட்டுக்குப் போயிருந்தார். மூன்றாவதாகப் போன தாலுகா அரசு மருத்துவமனையில் படம் எடுத்து, ஊசி போட்டு, மூட்டைப் பொருத்தி முடிக்க முக்கால் மணி நேரம்தான் ஆனது. சிகிச்சை எளிதாகவே முடிந்தது. இடம் தேடி அலைந்ததுதான் அவனை வாட்டியது.

அந்த அலைச்சலை மிச்சப்படுத்துவதற்காகத்தான் இந்த வழிகாட்டி. தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். விலகிய தோள்மூட்டுக்கு உகந்த இடம் என்பது பெரிய மருத்துவமனையோ அருகில் உள்ள மருத்துவமனையோ அல்ல. நீங்கள் போய்ச் சேரும் அந்த நேரத்தில் எக்ஸ்ரே எடுக்கவும், வலியை அடக்கி மூட்டைப் பொருத்தவும் ஆள் இருக்கும் இடமே உகந்த இடம். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும், எவ்வளவு நல்ல மருத்துவராக இருந்தாலும், அவர் உங்களை வேறிடத்துக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

படி 1: விலகியதுதானா என்று ஓரளவு புரிந்துகொள்ளுதல்

மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பெரியது. அது அமர்ந்திருக்கும் தோள்பட்டை எலும்பின் குழி சிறியது, ஆழமும் குறைவு. அகல் விளக்கின் மேல் எலுமிச்சம்பழத்தை வைத்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அந்த மூட்டு இருக்கிறது. சுற்றியுள்ள தசையும் தசைநாரும் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் பழம் உருளாமல் இருக்கிறது. உடம்பிலேயே எல்லாத் திசைகளிலும் அதிகமாகச் சுழலும் மூட்டும் இதுதான், அடிக்கடி விலகும் பெரிய மூட்டும் இதுதான். விலகும்போது 100 பேரில் சுமார் 95 பேருக்கு உருண்டை முன்பக்கமாக நழுவிக் கீழிறங்குகிறது. நம் ஊரில் ‘தோள் இறங்கிவிட்டது’ என்று சொல்வது அதனால் உண்மையிலேயே பொருத்தமான பேச்சு.

முன்பக்கம் நழுவியிருந்தால் அடையாளங்கள் தெளிவாக இருக்கும். தோளின் வளைவு போய், எலும்பு முனை துருத்திக்கொண்டு, அதற்குக் கீழே பள்ளம் விழும். கையை உடம்போடு ஒட்ட முடியாது. சற்று விலக்கி, மறு கையால் தாங்கியபடியே நிற்பார்கள். எதிர்த் தோளைத் தொடச் சொன்னால் தொட முடியாது. அசைத்தால் வலி உயிர்போகும்.

பின்பக்க விலகல் அரிது, ஆனால் ஏமாற்றும் தன்மை உடையது. வலிப்பு வந்தவர்களுக்கும் மின்சாரம் தாக்கியவர்களுக்கும் இது வரலாம். தோளின் வடிவம் அவ்வளவாக மாறியிருக்காது; கை வயிற்றோடு ஒட்டி உட்பக்கம் திரும்பியபடி பூட்டிக்கொண்டிருக்கும்; உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பவே முடியாது. நேர்க்கோணத்தில் மட்டும் எடுத்த எக்ஸ்ரேயில் இது கண்ணுக்குத் தப்பிவிடுவதுண்டு. ஆகவே வீட்டில் ஒருவருக்கு வலிப்பு வந்து தெளிந்த பிறகு தோள் வலி என்று சொன்னால், மருத்துவமனையில் ‘கை வலி’ என்று மட்டும் சொல்லாமல், வலிப்பு வந்ததையும் கை வெளிப்பக்கம் திரும்பாததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் மருத்துவரைப் பக்கவாட்டுக் கோணத்திலும் படம் எடுக்க வைக்கும்.

இதற்கு மேல் வீட்டிலேயே தீர்ப்புச் சொல்ல முயல வேண்டாம். குளியலறையில் வழுக்கி விழுந்த அறுபது, எழுபது வயதுப் பெண்மணிக்குத் தோள் வீங்கி, கை தொங்கினால் அது விலகலாக இல்லாமல் மேற்கை எலும்பின் கழுத்தில் ஏற்பட்ட முறிவாகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தோள்மூட்டு விலகுவது மிக அரிது; அவர்கள் விழுந்து தோள் வலிக்கிறது என்றால் எலும்பின் வளர்ச்சிப் பகுதியிலோ காறை எலும்பிலோ முறிவு இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். விலகல், முறிவு எதுவானாலும் போக வேண்டிய இடம் ஒன்றே என்பதால் வாசலில் நின்று விவாதிப்பதில் பயன் இல்லை.

இன்னொன்று. அடிபடாமல், விழாமல், திடீரென இடது தோளும் கையும் வலித்து, நெஞ்சு இறுக்கமோ வியர்வையோ மூச்சுத்திணறலோ இருந்தால் அது இந்தக் கட்டுரையின் பொருளே அல்ல. அது இதய நோயாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

படி 2: கிளம்புவதற்கு முன் ஐந்து நிமிடம்

கை இருக்கும் நிலையிலேயே அதை நிறுத்துவதுதான் முதல் வேலை. ஒரு துண்டையோ துப்பட்டாவையோ மடித்துக் கழுத்தில் தொட்டில்போல் கட்டி, முன்கையை அதில் அமர்த்துங்கள். கைக்கும் விலாவுக்கும் இடையே இடைவெளி இருந்தால் ஒரு சிறிய தலையணையையோ மடித்த போர்வையையோ அங்கே செருகுங்கள். கையை உடம்போடு ஒட்டவைக்க அழுத்த வேண்டாம். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றித் தோளின் மேல் வைக்கலாம்.

விரலில் மோதிரமோ கையில் வளையலோ இருந்தால் இப்போதே கழற்றிவிடுங்கள். வீக்கம் விரல்வரை பரவிவிட்டால் அவற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். சட்டையைத் தலைவழியாகக் கழற்ற முயல வேண்டாம். அடிபடாத கையை முதலில் உருவிவிட்டு, தேவையானால் மறுபக்கத்தைக் கத்தரியால் வெட்டிவிடலாம்.

இனி, செய்யக் கூடாதவை. தைலம் தடவி உருவக் கூடாது. கூட்டத்தில் யாராவது ஒருவர் ‘ஒரு இழு இழுத்தால் உட்கார்ந்துவிடும்’ என்று முன்வருவார், அவரைக் கைகூப்பித் தடுத்துவிட வேண்டும். இழுப்பதில் என்ன தவறு என்றால், விலகிய மூட்டோடு சேர்ந்து எலும்பின் கழுத்திலோ தலையோரத் திட்டிலோ முறிவு இருந்தால், அந்த இழுப்பு கோடாக இருந்த முறிவை இரண்டு துண்டாக்கிவிடும். அருகிலேயே ஓடும் நரம்பும் இரத்தக்குழாயும் அதில் சிக்கலாம். இது வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாத விஷயம்.

சாப்பாடும் காபியும் கொடுக்காமல் இருப்பது நல்லது. மூட்டைப் பொருத்த மயக்க மருந்து தேவைப்படலாம். வயிற்றில் உணவு இருந்தால் மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு. திட உணவு சாப்பிட்டு ஆறு மணி நேரம் ஆகியிருப்பதையே மருத்துவர்கள் பொதுவாக விரும்புவார்கள். அவசரத்தில் அதை எப்படிச் சமாளிப்பது என்பது அவர்கள் முடிவு. கடைசியாக எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் சித்தி செய்தது இதற்கு நேர்மாறு: பயத்தில் மகனுக்கு ஒரு சொம்பு பாலைக் குடிக்க வைத்துவிட்டார்.

பிறகு, கையின் உயிரோட்டத்தைப் பாருங்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் நாடி துடிக்கிறதா, விரல்கள் மறு கையைப்போலவே வெதுவெதுப்பாக இருக்கின்றனவா, விரலை மடக்கி நீட்ட முடிகிறதா? தோளின் வெளிப்பக்கத்தில், சீருடைக் கையில் பட்டைச் சின்னம் தைக்கும் இடத்தில், மெல்லத் தொட்டால் உணர்கிறாரா? அங்கே மரத்திருந்தால் தோளைச் சுற்றி ஓடும் நரம்பு இழுபட்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும்; ஆனாலும் மூட்டைப் பொருத்துவதற்கு முன்பே மரத்திருந்தது என்பது மருத்துவக் குறிப்பில் பதிவாக வேண்டும்.

படி 3: 108-ஐ அழைப்பதா, சொந்த வண்டியில் போவதா?

கை வெளிறிக் குளிர்ந்திருந்தால், நாடி தட்டுப்படாவிட்டால், முழுக் கையும் மரத்து விரலை அசைக்க முடியாமல் போனால், எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தால், தலையிலும் அடிபட்டு நினைவு தடுமாறினால், மூச்சு வாங்கினால், உயரத்திலிருந்தோ ஓடும் வண்டியிலிருந்தோ விழுந்திருந்தால், யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் இச்சேவை 2008 முதல் இயங்கி வருகிறது, கட்டணம் இல்லை. இந்த நிலைகளில் சிறிய மருத்துவமனைக்குப் போவது நேர விரயம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மாவட்ட அரசு தலைமை மருத்துவமனைக்கோ நேராகப் போக வேண்டும். வயதானவர்களுக்குத் தோள் விலகும்போது அக்குளில் ஓடும் தமனி கிழிவது அரிதாக நடக்கக்கூடியது. அப்போது இரத்தக்குழாய் அறுவை செய்பவரும் தேவைப்படுவார்.

மேற்சொன்ன எதுவும் இல்லாமல் தோள் மட்டும் இறங்கியிருந்தால் கார், ஆட்டோ எதிலும் போகலாம். இருசக்கர வண்டியின் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போக வேண்டாம். ஒவ்வொரு வேகத்தடையும் ஒரு தண்டனை என்பதோடு, வலியில் மயங்கிச் சரிந்தால் பிடித்துக்கொள்ள அவருக்கு ஒரு கைதான் இருக்கிறது. காரில் முன் இருக்கையில், முதுகைச் சாய்த்து உட்காரவைத்தால் தாங்கிக்கொள்வார்கள்.

அவசரம் எவ்வளவு என்றால், உயிருக்கான ஓட்டம் அல்ல. ஆனால் நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்பதும் அல்ல. விலகிய நேரத்திலிருந்து தசைகள் இறுகிக்கொண்டே போகும். முதல் சில மணி நேரத்தில் லேசான மருந்தில் அமரும் மூட்டு, மறுநாள் முழு மயக்கம் கேட்கும். மூன்று வாரம் தாண்டினால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான்.

படி 4: வாசலைத் தேர்ந்தெடுத்தல்

இந்தப் படிதான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி. ஒருவர் நோயாளியைத் தயார்படுத்தும்போதே இன்னொருவர் தொலைபேசியில் நான்கு கேள்விகளைக் கேட்டுவிடலாம்: இப்போது எக்ஸ்ரே எடுக்க ஆள் இருக்கிறாரா? எலும்பு மருத்துவர் இருக்கிறாரா, இல்லையென்றால் அழைத்தால் எவ்வளவு நேரத்தில் வருவார்? தேவைப்பட்டால் மயக்க மருத்துவர் வருவாரா? தோள் விலகலை நீங்களே பார்ப்பீர்களா, வேறிடத்துக்கு அனுப்புவீர்களா? ‘வாங்க, பார்த்துக்கலாம்’ என்று மட்டும் பதில் வந்தால் அதைப் பதிலாகக் கொள்ள வேண்டாம். எங்கள் இரண்டாம் வாசலில் கிடைத்த பதில் அதுதான். கருவி இருக்கிறதா என்று கேட்டோம், இருக்கிறது என்றார்கள். ஆள் இருக்கிறாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

இனி, ஒவ்வொரு வாசலிலும் என்ன எதிர்பார்க்கலாம் என்று பார்ப்போம்.

ஆரம்ப சுகாதார நிலையம் பல ஊர்களுக்கு மிக அருகில் இருப்பது. அங்கே வலி ஊசி போடுவார்கள், தொட்டில் கட்டு சரியாகக் கட்டிவிடுவார்கள், 108 வரவழைத்துத் தருவார்கள். மேம்படுத்தப்பட்ட நிலையங்கள் சிலவற்றில் எக்ஸ்ரே வசதியும் உண்டு. ஆனால் மூட்டைப் பொருத்துவதற்கு அங்கே போக வேண்டாம். தாலுகா மருத்துவமனை ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கும் மலைக்கிராமத்திலோ, நோயாளி வலியில் துவண்டுபோனாலோ மட்டும் வழியில் ஒரு நிறுத்தமாகக் கொள்ளலாம்.

தாலுகா அரசு மருத்துவமனை, அதாவது நாம் ஜி.எச். என்று சொல்வது, சிக்கலில்லாத தோள் விலகலுக்குப் பெரும்பாலும் போதுமானது. பகலில் எலும்புப் பிரிவு மருத்துவர் இருக்கும் இடங்கள் பல. இரவில் அவசரப் பிரிவின் பணி மருத்துவர் முதலில் பார்த்து, அழைப்பில் இருக்கும் எலும்பு மருத்துவரைக் கூப்பிடுவார். இரவு எக்ஸ்ரே எல்லா ஜி.எச்.களிலும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. இதை உங்கள் ஊர் மருத்துவமனையில் ஒரு சாதாரண நாளில் விசாரித்துத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் கபடி, கைப்பந்து, சிலம்பம் என்று இறங்கும் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம்.

மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எந்த நேரத்திலும் திறந்திருக்கும் நிச்சயமான வாசல்கள். சென்னையில் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி என்றே அழைக்கப்படும் அரசு இராஜாஜி மருத்துவமனை. திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. கோவை, திருநெல்வேலி, சேலம், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள். எல்லையோர மக்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர். விபத்து, அவசர சிகிச்சைக்கான மாநிலத் திட்டத்தின்கீழ் வரும் மருத்துவமனைகளில், வருபவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் முறை இருக்கிறது. தலையில் அடிபட்டவர் சிவப்பில் போவார். தோள் மட்டும் இறங்கியவர் காத்திருக்க நேரிடலாம். அது அலட்சியம் அல்ல. ஆனால் காத்திருக்கும்போது விரல்கள் மரக்கத் தொடங்கினால், உடனே செவிலியரிடம் சொல்லி மறுபடி பார்க்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனைகள் என்ற பெயரைப் பார்த்து ஓடிவிடக் கூடாது. சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் உள்ளது போன்றவை இதயம், சிறுநீரகம், நரம்பு போன்ற துறைகளில் திட்டமிட்ட சிகிச்சைக்காக அமைந்தவை. விழுந்து அடிபட்டவர் போக வேண்டியது பொது மருத்துவமனையின் விபத்துப் பிரிவுக்கே.

தனியார் பக்கம் வந்தால், எலும்பு மருத்துவர் ஒருவர் தானே நடத்தும் பத்துப் படுக்கை மருத்துவமனை சில நேரம் ஐந்து மாடிக் கட்டடத்தைவிட நல்ல தேர்வாக இருக்கும். மருத்துவர் மாடியிலேயே குடியிருப்பார், எக்ஸ்ரே அறை கீழே இருக்கும், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அவர் ஊரில் இல்லாத நாளில் அங்கே எதுவும் நடக்காது. பெரிய தனியார் மருத்துவமனையில் 24 மணி நேர அவசரப் பிரிவு உறுதி. செலவை மட்டும் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டைப் பொருத்தியவுடன் பெரும்பாலானவர்கள் அன்றே வீடு திரும்பலாம். எம்.ஆர்.ஐ. எடுத்து, அறையில் சேர்த்து, அறுவை சிகிச்சை வரை முதல் இரவிலேயே பேசினால், ‘மூட்டை முதலில் பொருத்துங்கள், மற்றவற்றைப் பிறகு முடிவு செய்கிறோம்’ என்று சொல்லலாம். இரத்தக்குழாய்ச் சேதம், பொருந்தாத முறிவு போன்றவை இருந்தால் மட்டுமே உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும்.

இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருக்கும் தொழிலாளர்கள் தங்கள் மருந்தகத்துக்கு அல்லாமல் நேராக இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கே போகலாம், சென்னையில் கே.கே. நகரிலும் அயனாவரத்திலும் அவை உள்ளன. மருத்துவமனை தொலைவில் இருந்தால், அருகில் உள்ள இடத்தில் மூட்டைப் பொருத்திவிட்டு, வேலையிடத்தில் அடிபட்டதை முதலாளியிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

இப்போது எல்லார் மனத்திலும் இருக்கும் கேள்வி: கட்டுப் போடும் வைத்தியரிடம் போகலாமா? ஆந்திரத்துப் புத்தூரின் பெயரைத் தாங்கிய பலகைகள் தமிழ்நாட்டின் நெடுஞ்சாலைகள் தோறும் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கம் கொண்ட குடும்பங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. மூட்டைப் பொருத்தும் கைத்திறன் அவர்களில் சிலருக்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. எங்கள் தாத்தாவுக்கு அப்படித்தான் பொருத்தினார்கள். என் தயக்கம் கைத்திறனைப் பற்றியது அல்ல. முறிவும் சேர்ந்திருக்கிறதா, நரம்பு முன்பே பாதிக்கப்பட்டதா, பொருத்திய பிறகு உண்மையில் உட்கார்ந்ததா என்ற மூன்று கேள்விகளுக்கும் படமும் சோதனையும் இல்லாமல் விடை இல்லை. மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டியபின், உள்ளே மூட்டு விலகியே இருந்தாலும் வெளியே தெரியாது. ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரிக்கும்போதுதான் தெரியும். ஆகவே பெரியவர்கள் வற்புறுத்தினால் ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள்: படம் பார்க்காமல் யாரும் இழுக்க வேண்டாம். அந்த எல்லையை ஏற்றுக்கொண்டாலே பெரும்பாலும் ஜி.எச்.க்குப் போய்விடுவீர்கள்.

இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்), வர்ம வைத்தியர், தெருமுனை மருந்துக்கடை ஆகியோர் எவரும் முதல் வாசல் அல்லர். இயன்முறை மருத்துவருக்குப் பெரிய வேலை இருக்கிறது, ஆனால் அது பிறகு.

எங்கே போவது என்றே புரியாவிட்டால் 104 என்ற அரசின் சுகாதார உதவி எண்ணிலும் கேட்கலாம்.

படி 5: உள்ளே போன பிறகு

வாசலில் பணம் கட்டச் சொன்னாலோ, ‘போலீஸ் வரட்டும்’ என்று நிறுத்திவைத்தாலோ, 1989-இலேயே உச்ச நீதிமன்றம் அவசர சிகிச்சைதான் முதலில், காவல்துறை நடைமுறை பிறகுதான் என்று தீர்ப்பளித்திருப்பதை அமைதியாக நினைவூட்டலாம். சாலை விபத்தில் அடிபட்ட முன்பின் தெரியாதவரை நீங்கள் அழைத்து வந்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு உங்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது; விருப்பமில்லாவிட்டால் உங்கள் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவர் முதலில் நாடியையும் தோல் உணர்வையும் பார்ப்பார். பிறகு குறைந்தது இரண்டு கோணங்களில் எக்ஸ்ரே. அதன்பின் வலியை அடக்குவது: இரத்தக்குழாய் வழியாக மருந்து, அல்லது மூட்டுக்குள்ளேயே மரப்பு ஊசி, அல்லது சிறிது நேர மயக்கம். மூட்டைப் பொருத்தும் முறைகள் பல. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் கோக்கர் 1870-இல் விவரித்த முறை இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதைவிட மென்மையாக, கையை மெல்ல வெளிப்பக்கம் திருப்பியே பொருத்தும் முறைகளையும் இன்று பலர் விரும்புகிறார்கள். என் தம்பிக்குச் செய்தவர் இழுக்கவே இல்லை. முழங்கையை மடக்கிப் பிடித்துக்கொண்டு, ‘எந்தக் காலேஜ், என்ன படிக்கிறாய்’ என்று பேச்சுக்கொடுத்தபடி நத்தை வேகத்தில் கையைத் திருப்பிக்கொண்டே வந்தார். மூன்றாம் செமஸ்டர் என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ‘களுக்’ என்று ஒரு சத்தம். அவன் முகம் சட்டென்று தளர்ந்தது. சுற்றி நின்ற நாங்களும் அப்போதுதான் மூச்சுவிட்டோம்.

பொருத்திய பிறகு மறுபடி எக்ஸ்ரே எடுத்து, உணர்வையும் நாடியையும் மறுபடி பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது படம் எடுக்காமல் அனுப்பினால் நீங்களே கேளுங்கள்.

படி 6: கையில் வாங்க வேண்டிய காகிதங்கள், பணத்துக்கான வழிகள்

சாலை விபத்து, அடிதடி, வேலையிட விபத்து ஆகியவற்றில் மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் எழுதும்; அந்த ஏ.ஆர். நகல் பின்னாளில் இழப்பீட்டுக்கும் காப்பீட்டுக்கும் அடிப்படை. எப்படி அடிபட்டது என்று கேட்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்; வண்டியில் விழுந்ததை ‘படியில் வழுக்கினேன்’ என்று எழுதவைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து வருந்துபவர்கள் ஏராளம். பொருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களையும் கைப்பேசியிலாவது படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. சாலை விபத்தானால், 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகப் பெறலாம். அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. இது பிறகு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் கைகொடுக்கும். புறநோயாளியாகப் பொருத்திவிட்டு அனுப்பும் முதல் நாள் செலவுக்கு இதையே நம்பித் தனியாருக்குப் போகாமல், அங்குள்ள காப்பீட்டு உதவியாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 7: வீடு திரும்பிய பிறகு போக வேண்டிய இடங்கள்

ஒரு வாரத்துக்குள் எலும்புப் பிரிவின் புறநோயாளி நாளில் மறுபடி காட்ட வேண்டும். தொட்டில் கட்டு இளைஞர்களுக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும். வயதானவர்களுக்கு மூட்டு இறுகிவிடும் என்பதால் சீக்கிரமே எடுத்துவிடுவார்கள். அந்த நாட்களிலும் விரலையும் மணிக்கட்டையும் முழங்கையையும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதன்பிறகுதான் இயன்முறை மருத்துவரின் வாசல். வலி போய்விட்டது என்று இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். மூட்டைப் பிடித்துவைக்கும் தசைகளுக்கு மீண்டும் வலுவேற்றுவது அங்கேதான் நடக்கிறது.

நாற்பது வயதைத் தாண்டியவர் இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகும் கையைத் தானாகத் தூக்க முடியாமல் இருந்தால், தோளைச் சுற்றியுள்ள தசைநார் கிழிந்திருக்கலாம். ஸ்கேன் எடுக்கும் வசதியுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தோள் அறுவையில் பழக்கமுள்ள எலும்பு மருத்துவரிடமோ போக வேண்டும். தாமதித்தால் தசை சுருங்கித் தைக்க முடியாத நிலைக்குப் போய்விடும். கட்டு வைத்தியம் பார்த்து மாதக்கணக்கில் மூட்டு விலகியே இருந்தவர்களுக்கும் இதே வாசல்தான்; பழைய விலகலை எந்தச் சிறிய இடத்திலும் இழுக்க விடக் கூடாது.

இருபது வயதையொட்டியவர்களுக்கு முதல்முறை விலகினால் பாதிப் பேருக்கும் மேல் மறுபடி விலகுகிறது. உருண்டை வெளியேறும்போது குழியின் விளிம்பில் உள்ள குருத்துவளையம் பிய்ந்துபோவதும், எலும்புத் தலையில் பள்ளம் விழுவதும் அதற்குக் காரணங்கள். இரண்டாம் முறை எளிதில் பொருந்துகிறது, மூன்றாம் முறை தூக்கத்தில் புரண்டாலே இறங்குகிறது, நான்காம் முறை நண்பர்களே பொருத்திவிடுகிறார்கள் என்று போகும்; ஒவ்வொரு முறையும் விளிம்பு எலும்பு தேய்கிறது. ஆகவே இரண்டாம் முறை விலகியவுடன், அவசரப் பிரிவில் பொருத்தியதோடு நிறுத்தாமல், மூட்டு உள்நோக்கி வழியாகக் குருத்துவளையத்தைத் தைக்கும் அறுவை சிகிச்சை தேவையா என்று கேட்டுவிட வேண்டும். அப்போது மருத்துவர் கேட்பவை: எத்தனை முறை விலகியது, எந்தக் கோணத்தில் கை இருந்தபோது விலகியது, பழைய படங்கள் எங்கே.

என் தம்பிக்கு அடுத்த ஆண்டே கிணற்றில் குதித்தபோது மறுபடி இறங்கியது. இந்த முறை துண்டில் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு சொட்டுப் பாலும் குடிக்காமல், பழைய எக்ஸ்ரேக்களைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, நேராக ஜி.எச்.க்குப் போனான். கிணற்றடியிலிருந்து மூட்டு பொருந்தும் வரை ஒரு மணி பத்து நிமிடம். மருத்துவர் அங்கேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்புப் பிரிவுக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, ‘அறுவை சிகிச்சை முடிகிற வரைக்கும் கிணறும் வேண்டாம், கபடியும் வேண்டாம்’ என்றார்.